கல்யாணப் பத்திரிகையோடு ஒரு மாத்திரை

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பெண் உண்டானால் வழக்கமாக நடப்பது இதுதான். நாள் தள்ளிப் போகும். இன்னும் பத்து நாள் பார்ப்போம் என்று பொறுத்திருப்பார்கள். பிறகு மருந்துக் கடையில் வாங்கிய அட்டையில் இரண்டு கோடு தெரியும். அம்மாவிடம் சொல்லி, மாமியாரிடம் சொல்லி, கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுத்து, பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் வாங்கி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை முடித்து, ஃபோலிக் அமில மாத்திரை கைக்கு வரும்போது எட்டாவது வாரமோ பத்தாவது வாரமோ ஆகியிருக்கும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் பதிவுக்குத் தரும் கெடுவே பன்னிரண்டு வாரம். அதற்குள் வந்து பதிந்தால் நேரத்தோடு வந்தவள் என்றுதான் கணக்கு.

அந்த மாத்திரை தடுக்க வேண்டிய பெரிய கோளாறோ ஆறாவது வாரம் முடிவதற்குள் நடந்து முடிந்திருக்கும்.

வாரக்கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். மருத்துவர்கள் கர்ப்பத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கரு உண்மையில் உருவாவது அதற்கு இரண்டு வாரம் கழித்து. நாள் தள்ளிப் போனதைக் கவனிக்கும்போது கருவுக்கு வயது பதினான்கு நாள். மூன்றாவது வாரத்தில் கருவின் முதுகுப் பக்கம் நரம்புத் தகடு என்ற செல் அடுக்கு தோன்றுகிறது. அதன் இரு ஓரங்களும் எழும்பி, உள்பக்கமாக வளைந்து, நடுவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அப்படி மூடிய குழாயிலிருந்துதான் மூளையும் தண்டுவடமும் வருகின்றன. தலைப் பக்கத்து வாய் 25-ஆம் நாள் வாக்கில் மூடும், கீழ்ப் பக்கம் 28-ஆம் நாளுக்குள் மூடும். நாள் தள்ளியது தெரிந்ததற்கும் குழாய் மூடி முடிவதற்கும் இடையே இரண்டே வாரம். அந்த இரண்டு வாரம்தான் ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்பதில் கழிகிறது.

தலைப் பக்கம் மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் சரியாக உருவாகாது. அந்தக் குழந்தை பிழைக்காது. முதுகுப் பக்கம் மூடாவிட்டால் முதுகுத்தண்டுப் பிளவு. தண்டுவடம் முதுகில் வெளியே தெரிகிற மாதிரி பிள்ளை பிறக்கும். பிறந்த ஓரிரு நாளில் அறுவை சிகிச்சை செய்து மூடலாம். ஆனால் கால் வராதது, சிறுநீர் மலம் அடக்க முடியாதது, தலையில் நீர் கோர்ப்பது எல்லாம் அறுவையோடு முடிகிற சமாச்சாரம் அல்ல. இந்தியாவில் இந்தக் கோளாறுகள் ஆயிரம் பிரசவத்துக்குச் சுமார் நான்கு என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆயிரத்துக்கு ஒன்றுகூட இல்லை.

இந்த நரம்புக் குழாயும் கீரையில் இருக்கும் ஒரு வைட்டமினும் எங்கே சந்திக்கின்றன?

நம் உடலில் அநேகமாக ஒவ்வொரு வேதிவினையையும் ஒரு நொதி, அதாவது என்சைம், நடத்துகிறது. பல நொதிகளுக்குத் தனியாக வேலை ஓடாது. கூடவே ஒரு துணைக்காரணி வேண்டும். ஃபோலேட் என்ற வைட்டமின் (மாத்திரையில் இருக்கும் ஃபோலிக் அமிலம் இதன் இன்னொரு வடிவம்தான்) உடலுக்குள் டெட்ராஹைட்ரோஃபோலேட்டாக மாறித் துணைக்காரணி வேலை பார்க்கிறது. அதன் வேலை ஏற்றி இறக்குவது. விடியற்காலையில் கம்பம், கூடலூர், தேவாரம், போடி பக்கமிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் ஜீப்புகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஜீப் காய் எடுக்காது. ஆனால் ஜீப் வராத அன்றைக்குத் தோட்டம் இருக்கும், கங்காணி இருப்பார், காய் எடுப்பு நடக்காது. இந்த ஜீப் ஏற்றிப் போவது ஒரே ஒரு கார்பன் அணுவை. பெரும்பாலும் செரின் என்ற அமினோ அமிலத்திடம் ஏற்றிக்கொள்கிறது. டி.என்.ஏ.வின் எழுத்துகளைக் கட்டும் நொதிகளிடம் கொண்டுபோய் இறக்குகிறது. இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பி அடுத்த நடைக்குப் போகிறது.

ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அதன் டி.என்.ஏ. முழுவதையும் இன்னொரு படி எழுத வேண்டும். பெரியவர்கள் உடம்பில் ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜை, குடலின் உள்தோல் மாதிரி சில இடங்களில்தான் இந்த எழுத்து வேலை ஓயாமல் நடக்கிறது. மூன்றாவது வாரத்துக் கருவில் எங்கு பார்த்தாலும் அதே வேலைதான். ஃபோலேட் குறைந்தால் தாயின் ரத்தமும் வயிற்றுக் கருவும் ஒரே சமயத்தில் அடி வாங்குவது இதனால்தான்.

தைமின் என்ற எழுத்தைத் தயாரிக்கும் நடையில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. கார்பனை இறக்கிய ஜீப் பழுதாகித் திரும்புகிறது. அதைச் சரிசெய்து மறுபடி சாலைக்கு அனுப்ப ஒரு பட்டறை இருக்கிறது. டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்ற நொதி அது. பெயர் நீளம்தான், ஆனால் முடக்குவாதத்துக்காக மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் யாருக்கும் இது சொந்த விஷயம். அந்த மருந்து செய்வதே பட்டறையை இழுத்துப் பூட்டுவதுதான். வேகமாகப் பெருகும் செல்கள் அடங்குகின்றன. கருவும் வேகமாகப் பெருகும் செல்தான் என்பதால், மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் பெண் பிள்ளைக்குத் திட்டமிடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி அதை நிறுத்தி, வேறு மருந்துக்கு மாறியிருக்க வேண்டும். கர்ப்பம் தெரிந்த பிறகு நிறுத்துவது ரொம்பத் தாமதம்.

இந்தக் கதையில் சென்னைக்கு ஒரு பங்கு இருக்கிறது. நம் ஊர்ப் பத்திரிகைகள் இதைப் போதுமான அளவு எழுதவில்லை என்பது என் எண்ணம்.

1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய் வந்தார். பிரசவத்தில் பெண்கள் ஏன் இவ்வளவு பேர் சாகிறார்கள் என்று ஆராய்வதற்கு. பஞ்சாலைகளை ஒட்டி வாழ்ந்த ஏழைக் கர்ப்பிணிகளிடம் ஒரு கடுமையான ரத்தசோகையைக் கண்டார். சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, உருவத்தில் பெருத்திருந்தன. கிருமி எதுவும் சிக்கவில்லை. அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். அதே மாதிரி உணவைக் குரங்குகளுக்குக் கொடுத்தபோது அவற்றுக்கும் சோகை வந்தது. ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மார்மைட் என்ற மலிவான பண்டத்தைக் கொடுத்ததும் தேறின. பெண்களும் தேறினார்கள். இதற்கிடையே 1929-இல் சில மாதம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1931 தொடக்கத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில், இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று பெயர் மாறியும் பழையவர்கள் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்லும் இடத்தில் பணியாற்றினார். அந்த ஆண்டே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. மார்மைட்டில் இருந்த அந்தப் பொருள் என்னவென்று யாருக்கும் தெரியாததால் ‘வில்ஸ் காரணி’ என்று பேச்சில் இருந்தது. 1941-இல் டெக்சாஸில் டன் கணக்கில் பசலைக் கீரையை அரைத்துப் பிரித்தெடுத்தபோதுதான் ஃபோலிக் அமிலம் என்ற பெயர் வந்தது.

அதே திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி அமெரிக்கா போனவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்துக்காரர். அவருடைய சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்து ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் இறந்தார்கள். லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையிலான குழு 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அந்த ஸ்ப்ரூவுக்குக் கொடுக்கும் மருந்துகளில் ஃபோலிக் அமிலமும் ஒன்று. பிறகு அதே குழு ஃபோலிக் அமிலத்தின் உருவத்தைச் சற்றே மாற்றி அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட் என்ற எதிரிகளையும் உண்டாக்கியது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரினை ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்து 1948-இல் முதல் வெற்றியைச் சொன்னார். சுப்பாராவ் அந்த ஆண்டே இறந்துபோனார்.

1950-களில் இந்த அமினோப்டெரினைக் கருக்கலைப்புக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கலையாமல் தங்கிய சில கருக்கள் மண்டையோடு உருக்குலைந்து பிறந்தன. ஃபோலேட் ஓட்டத்தை நிறுத்தினால் கரு எப்படிச் சிதையும் என்பது அப்படி, யாரும் விரும்பாத வழியில், தெரியவந்தது. 1965-இல் லிவர்பூலில் ஹிப்பார்ட், ஸ்மிதெல்ஸ் என்ற மருத்துவர்கள் ஊனத்தோடு பிள்ளை பெற்ற தாய்மார்களிடம் ஃபோலேட் கோளாறு அதிகம் இருப்பதைக் காட்டினார்கள். அதற்குப் பிறகும் ஐயம் தீரக் கால் நூற்றாண்டு பிடித்தது.

ஐயத்தைத் தீர்த்தது பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனை. ஏற்கெனவே நரம்புக் குழாய்க் கோளாறோடு ஒரு பிள்ளை பெற்ற பெண்கள் அடுத்த கருவுக்கு முன்பிருந்தே தினமும் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்தால் மறுபடி வருவது 72 விழுக்காடு குறைந்தது. 1991-இல் சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். பலன் இவ்வளவு தெளிவான பிறகு, வெறும் மாத்திரை பெறும் பிரிவுக்கு மருந்தை மறுப்பது பாவம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 1988 முதல் இதே மாதிரி ஒரு சோதனையை நடத்தி வந்தது. லண்டன் முடிவு வந்ததும் அதையும் முடித்துக்கொண்டார்கள். அதுவரை சேர்ந்த கணக்கில், ஃபோலிக் அமிலம் பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கும் பெறாதவர்களில் 7 பேருக்கும் கோளாறு மறுபடி வந்திருந்தது. எண்ணிக்கை சிறிது, ஆனால் போகும் திசை ஒன்றுதான். அடுத்த ஆண்டு ஹங்கேரியில் செய்செல் என்ற மருத்துவர், இதுவரை எந்தக் குறையும் இல்லாத சாதாரணப் பெண்களிடமே சோதித்தார். ஃபோலிக் அமிலம் அடங்கிய வைட்டமின் மாத்திரை எடுத்த பிரிவில் ஒரு குழந்தைக்கும் இல்லை, மற்ற பிரிவில் ஆறு குழந்தைகளுக்கு இருந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இப்படிப் பிள்ளை பெற்ற பெண்களில் பெரும்பாலோரின் ரத்தத்தில் ஃபோலேட் அளவு ஆய்வக அட்டவணைப்படி சரியாகத்தான் இருக்கிறது. சோகை வராத அளவு வேறு, குழாய் மூடத் தேவைப்படும் அளவு வேறு. அதனால் “நான் நல்லா சாப்பிடுறவ, எனக்கு ரத்தம் குறைவே இல்லை” என்பது இதில் பதில் ஆகாது. உள்ளே துல்லியமாக எந்த நடை தடைபட்டுக் குழாய் மூடாமல் போகிறது என்பதை அறிவியல் இன்னும் முடிவாகச் சொல்லவில்லை. மாத்திரை தடுக்கிறது என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

கீரை போதாதா என்று கேட்பார்கள். தேனி மாவட்டத்தில் இந்தக் கேள்வி இன்னும் பலமாக வரும். செடி முருங்கைக்கு நாடெங்கும் பெயர் வாங்கித் தந்த பி.கே.எம்-1 பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த ரகம். முருங்கைக்கீரையை நான் குறை சொல்லப் போவதில்லை. கொண்டைக்கடலை, தட்டைப்பயறு போன்றவற்றில் நூறு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேலேயே ஃபோலேட் இருக்கிறது. ஆனால் அது வேகவைக்காத கணக்கு. ஃபோலேட் நீரில் கரையும், சூட்டில் சிதையும். கீரையை நெடுநேரம் கொதிக்கவிட்டு நீரை இறுத்தால் பாதி அதோடு போய்விடும். தப்பியதையும் உடம்பு முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. மாத்திரையில் இருப்பது உணவில் இருப்பதைவிடச் சுமார் 1.7 மடங்கு நன்றாக உறிஞ்சப்படுகிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சிதான். கர்ப்பிணிக்கு ஆசையாக வாங்கிக் கொடுங்கள். ஃபோலேட் கணக்கில் மட்டும் திராட்சையைச் சேர்க்காதீர்கள், அதில் அநேகமாக ஒன்றுமில்லை.

ரேஷன் அரிசி? 2021 சுதந்திர தினத்தில் அறிவித்து, 2024-க்குள் நாடு முழுக்கச் செறிவூட்டிய அரிசி கொடுக்க ஆரம்பித்தார்கள். அதில் கலந்திருக்கும் சற்றே நிறம் மாறிய மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிந்த வீடுகள் உண்டு. அந்த மணிகளில்தான் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-உம் இருக்கின்றன, எறிய வேண்டாம். ஆனால் அளவைப் பாருங்கள். ஒரு கிலோவுக்கு ஃபோலிக் அமிலம் 75 முதல் 125 மைக்ரோகிராம். நாளுக்கு 300 கிராம் அரிசி சாப்பிடுகிற பெண்ணுக்கு 30 மைக்ரோகிராம் சுற்றித்தான் சேரும். வடித்த கஞ்சியில் போவது வேறு. கரு தரிக்கும் முன் வேண்டியது நாளுக்கு 400. அமெரிக்கா 1998-இல் கட்டாயமாக்கியது ஒரு கிலோ மாவுக்கு 1,400 மைக்ரோகிராம். அங்கே இந்தக் கோளாறு குறைந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். நம் அரிசி சோகையைக் குறிவைத்துச் செய்தது, இதற்கு அது போதாது.

பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் நீல மாத்திரையும் அப்படித்தான். 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். மாதவிலக்கு வயதுப் பெண்களுக்கு வாராந்திர மாத்திரை என்றால் அதில் 2,800 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே சொல்லியிருக்கிறது. ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை நாம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். மாத்திரையின் நிறத்தை மாற்றத் தேவையில்லை, புது ஊழியர் தேவையில்லை, உள்ளே இருக்கும் அளவை ஏற்றினால் போதும். இது ஏன் இன்னும் நடக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

படிப்பை முடித்த பெண்ணின் நிலை இன்னும் மோசம். இருபது முதல் நாற்பத்தொன்பது வயது வரை உள்ள பெண்களுக்கும் வாராந்திர மாத்திரை என்று 2018-இல் தொடங்கிய ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் இருக்கிறது. ஆனால் இருட்டோடு ஜீப் ஏறிக் கேரளத்து இடுக்கி மாவட்டத்துத் தோட்டத்தில் பகலெல்லாம் நின்றுவிட்டுப் பொழுது சாயத் திரும்பும் பெண்ணை, பகலில் தெருவுக்கு வரும் செவிலியர் எப்படிப் பார்ப்பார்? வேலை ஒரு மாநிலத்தில், வீடு இன்னொரு மாநிலத்தில்.

உப்பு வழியாகக் கொடுக்கலாம் என்ற யோசனை அதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. அயோடின் உப்பில் ஃபோலிக் அமிலத்தையும் சேர்த்துத் தென்னிந்தியக் கிராமப் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஒரு சிறு ஆய்வு 2024-இல் வெளியானது. நான்கு மாதத்தில் ரத்தத்தில் ஃபோலேட் மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தது. ஜீப்பில் போனாலும் தூக்குவாளியில் சோறும் குழம்பும் கூடவே போகும், உப்பில்லாமல் குழம்பில்லை.

அது வரும்வரை வீட்டுக்கு வீடு செய்யக்கூடியது ஒன்றே. நம் பக்கம் கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதமே “விசேஷம் ஏதும் உண்டா?” என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறோம். அப்படியானால் மாத்திரையைக் கல்யாணத்துக்கு முன்பே ஆரம்பிப்பதுதான் முறை. பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் வாரத்தில் ஆரம்பித்தால் கணக்கு சரியாக வரும். கருவுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பு, முடிந்தால் மூன்று மாதம் முன்பு தொடங்கிப் பன்னிரண்டாவது வாரம் வரை தினம் 400 மைக்ரோகிராம். “பொண்ணு எதுக்கு மாத்திரை சாப்பிடுது?” என்று சம்பந்தி வீடு கேட்குமே என்ற பயம் இருக்கிறது, தெரியும். இது நோய்க்கான மருந்து அல்ல, வைட்டமின் என்று பையன் வீட்டாரே எடுத்துச் சொன்னால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். இரண்டாவது பிள்ளைக்கும் இதே கணக்குதான். முதல் பிள்ளை நல்லபடி பிறந்தது என்பதால் விட்டுவிடக் கூடாது.

கடையில் கேட்டால் அநேகமாக 5 மில்லிகிராம் மாத்திரையை எடுத்து நீட்டுவார்கள். அது 400 மைக்ரோகிராமைப் போல் பன்னிரண்டு மடங்குக்கு மேல். சாதாரணமாகத் தேவையில்லை, அளவைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். இதில் பி12 விவகாரம் ஒன்று இருக்கிறது. மெத்தில் என்ற சரக்கை ஏற்றிய ஃபோலேட் ஜீப்பை, பி12-ஐத் துணையாகக் கொண்ட ஒரு நொதி மட்டுமே இறக்க முடியும். பி12 இல்லையென்றால் ஜீப் சரக்கோடு மலையிலேயே நின்றுவிடும். உடம்பில் ஃபோலேட் இருந்தும் பயன் இருக்காது. அந்த நிலையில் ஃபோலிக் அமிலத்தை மட்டும் அள்ளிக் கொடுத்தால் சோகை சரியானது போலத் தெரியும். பி12 குறைவு நரம்பை அரிப்பது உள்ளே தொடரும். பி12 செடிகொடியில் கிடையாது. பாலும் குறைவாகக் குடிக்கிற சைவ வீட்டுப் பெண்களும், அசைவம் என்ற பேர் மட்டும் இருந்து மாதத்துக்கு ஒருமுறை கறி பார்க்கிற பெண்களும் ஃபோலிக் அமிலத்தோடு பி12-ஐயும் பார்த்துக்கொள்வது நல்லது.

அந்த 5 மில்லிகிராம் மாத்திரை வேண்டியவர்கள் வேறு. முந்தைய பிள்ளைக்கு நரம்புக் குழாய்க் கோளாறு இருந்தவர்கள் முதலில். சர்க்கரை நோய் உள்ளவர்களும், வலிப்புக்கு வால்ப்ரோயேட் போன்ற மருந்து எடுப்பவர்களும் அதில் சேர்வார்கள். வால்ப்ரோயேட்டே இந்தக் கோளாறின் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதால், கல்யாணம் பேசும்போதே நரம்பியல் மருத்துவரைப் பார்த்து மருந்தை மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும். தானாக நிறுத்தினால் வலிப்பு வந்து அது வேறு ஆபத்தில் முடியும். முந்தைய பிள்ளையை இழந்தவர்களுக்கு அது சாபம், கிரகணம் பார்த்த குற்றம் என்று ஊர் ஆயிரம் சொல்லும். மறுபடி வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வரை. அடுத்த கருவுக்கு முன்பே 4 அல்லது 5 மில்லிகிராம் தொடங்கினால் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது. கானாவிலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய், வயிற்றில் பிள்ளை இல்லாதபோதே, “அடுத்த பிள்ளைக்கு மாத்திரை வேணும்” என்று கேட்கலாம்.